எல்லோரும் மாறிவிட்டார்கள் என்று நினைத்த இரண்டரை வருடம்

எனக்கு மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் (சுருக்கமாக எம்.எஸ்.) என்ற நரம்பு நோய் இருக்கிறது என்று தெரிந்து 6 வருடம் ஆகிறது. கால் மரத்துப்போகும், கண் மங்கும், சிறுநீரை அடக்க முடியாமல் போகலாம், காரணமே இல்லாமல் களைப்பு வந்து அமுக்கும் என்று முதல் வாரத்திலேயே எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்கள், அச்சடித்த கையேடும் கொடுத்தார்கள். எதிரில் இருப்பவரின் முகத்தையும் குரலையும் வைத்து அவர் மனதில் என்ன ஓடுகிறது என்று கண்டுபிடிக்கும் திறனும் இந்த நோயில் குறையலாம் என்று மட்டும் ஒருவரும் சொல்லவில்லை. அது தெரியாமல் இரண்டரை வருடத்தைத் தொலைத்தேன். பார்த்துக்கொண்டிருந்த வேலை போனது, 14 மாதச் சம்பளம் போனது, 15 வருடத் தோழி போனாள், குடும்பம் உடையாமல் தப்பியது மயிரிழையில்தான். இப்போது யாராவது தனியாக உட்கார்ந்து "ஏன் எல்லோரும் என்னிடம் இப்படி நடந்துகொள்கிறார்கள்" என்று மருகிக்கொண்டிருந்தால், அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

33 வயதில் ஒரு நாள் காலையில் வலது கண்ணில் புகை படிந்ததுபோல் இருந்தது, கண்ணை அசைத்தால் வலித்தது, சிவப்பு நிறம் வெளுத்துத் தெரிந்தது. கண் மருத்துவர் பார்வை நரம்பில் அழற்சி என்று சொல்லி நரம்பியல் மருத்துவரிடம் அனுப்பினார், எம்ஆர்ஐ ஸ்கேனில் மூளையில் வெள்ளைத் திட்டுகள் தெரிந்தன. மின்கம்பியைச் சுற்றி இருக்கும் உறை மாதிரி நரம்பிழைகளைச் சுற்றி மயலின் என்று ஓர் உறை இருக்கிறது, நோய் எதிர்ப்பு மண்டலமே அதைத் தாக்கிச் சிதைக்கிறது, சிதைந்த இடத்தில் செய்தி மெதுவாகப் போகும் அல்லது நின்றுவிடும் என்று மருத்துவர் படம் வரைந்து காட்டினார். பெரும்பாலும் 20 முதல் 40 வயதுக்குள் தெரியவரும், ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகம் என்றார். 5 நாள், தினமும் 1000 மில்லிகிராம் மெத்தில்பிரட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு மருந்தை டிரிப்ஸில் ஏற்றினார்கள், பார்வை ஏறக்குறைய முழுதாகத் திரும்பியது. நோயின் தீவிரத்தை 0 முதல் 10 வரை அளக்கும் இடிஎஸ்எஸ் என்ற அளவுகோலில் எனக்கு 1.5 வந்தது. அந்த அளவுகோலில் 4-க்கு மேல் போனால் பெரும்பாலும் நடையை வைத்துத்தான் மதிப்பெண். எனக்கு நடையில் குறையே இல்லை. அதனால் பார்த்தவர்கள் எல்லோரும் நான் அதிர்ஷ்டசாலி என்றார்கள், நானும் அப்படித்தான் நம்பி ஆறு வாரத்தில் வேலைக்குத் திரும்பினேன்.

அடுத்து நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன், ஏனென்றால் நடக்கும்போது எனக்கு அதில் ஒரு வரிசை இருப்பதே தெரியவில்லை. அலுவலகத்தில் என் கீழே 8 பேர். வேலைக்குத் திரும்பி மூன்று நான்கு மாதம் இருக்கும், ஒரு கூட்டத்தில் புதிதாகச் சேர்ந்த பெண் தன் திட்டத்தை விளக்கினாள், நான் அதில் இருந்த பிழைகளை ஒன்று விடாமல் எல்லோர் முன்னாலும் எடுத்துச் சொன்னேன். பிறகு ஒரு சக ஊழியர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அவ முகம் அப்படிச் சுண்டிப்போச்சே, உங்களுக்குத் தெரியவே இல்லையா?" என்று கேட்டார். "கவனமாகக் கேட்டுக்கொண்டுதானே இருந்தாள்" என்றேன். நான் பொய் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்தது கவனம்தான். அதற்கு முந்தைய ஆண்டுகளில் யார் முகம் வாடினாலும் முதலில் கவனிப்பவள் நான்தான் என்று பெயர் எடுத்திருந்தேன், அதனால் அவர் மிகைப்படுத்துகிறார் என்று நினைத்து விட்டுவிட்டேன்.

வீட்டில் வேறு மாதிரி. தமிழில் ஒரு "சரி"க்குள் எத்தனையோ இருக்கிறது, இழுத்துச் சொன்னால் ஒன்று, வெட்டிச் சொன்னால் இன்னொன்று, மூச்சு விட்டுச் சொன்னால் வேறொன்று. எனக்கு எல்லா "சரி"யும் சம்மதமாகத்தான் கேட்டது. மாமியாருக்கு அறுவை சிகிச்சை தேதி குறித்திருந்த வாரம், மூன்று நாள் வேலை தொடர்பான பயணம் ஒன்று வந்தது. கணவரிடம் கேட்டேன், "தாராளமா போயிட்டு வா" என்றார். போய்விட்டு வந்தேன். திரும்பி வந்தபின் பத்து நாள் அவர் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை, நானோ "நீங்கள்தானே போகச் சொன்னீர்கள்" என்று சண்டை போட்டேன். அவர் சொன்ன அந்த மூன்று வார்த்தையில் எவ்வளவு கோபம் இருந்தது என்று பக்கத்து அறையில் இருந்த மாமியாருக்குப் புரிந்திருக்கிறது. எனக்குப் புரியவில்லை.

மகள் விஷயத்தைச் சொல்ல எனக்கு இன்றும் கஷ்டமாக இருக்கிறது. அவளுக்கு அப்போது 7 வயது. வீட்டுப்பாடம் எழுத வைத்துக்கொண்டிருந்தேன், ஒரே தவறைத் திரும்பத் திரும்பச் செய்தாள், என் குரல் ஏறிக்கொண்டே போனது. அவள் கண்ணை அகல விரித்து என்னையே பார்த்தாள். "என்ன முறைக்கிறே?" என்று இன்னும் சத்தமாகக் கேட்டேன். இது ஒரு நாள் நடந்ததில்லை, பல வாரம் நடந்தது. பெண் அடங்காமல் வளர்கிறாள், கண்ணுக்குக் கண் பார்த்து முறைக்கிறாள் என்று அம்மாவிடம் போனில் குறைகூட சொல்லியிருக்கிறேன். ஒரு நாள் அவளே, "அம்மா, நான் முறைக்கல, எனக்குப் பயமா இருக்கு" என்றாள். அப்போதும் சமாளிக்கிறாள் என்றுதான் நினைத்தேன். ஒரு குழந்தையின் பயந்த முகத்தை நான் முறைப்பு என்று படித்திருக்கிறேன், அதற்காக அவளைத் திட்டியும் இருக்கிறேன்.

தோழியின் அப்பா மருத்துவமனையில் இருந்தார், நான் ஒரு தடவைகூடப் போகவில்லை. "பரவாயில்லை, உனக்கு நேரம் கிடைக்கும்போது எங்களையும் ஞாபகம் வச்சுக்கோ" என்று எழுதினாள். "கண்டிப்பாக, நன்றி" என்று பதில் போட்டேன். அத்துடன் அவள் பேச்சை நிறுத்திவிட்டாள். குத்தல் பேச்சு, ஜாடை, சொல்லாமல் சொல்வது எதுவும் எனக்குள் இறங்கவில்லை, சொற்கள் மட்டும் இறங்கின.

இதையெல்லாம் நான் எப்படிப் புரிந்துகொண்டேன் என்பதுதான் முக்கியம். என்னிடம் ஏதோ குறைகிறது என்று ஒரு நிமிடம்கூடத் தோன்றவில்லை. பார்வை மங்கினால் மங்குகிறது என்று நமக்கே தெரியும், கால் மரத்தால் தெரியும். இதில் அப்படி ஓர் அறிகுறியும் உள்ளே இருந்து கிடைப்பதில்லை. என் நோயைத் தெரிந்துகொண்ட பிறகு எல்லோரும் என்னை ஒதுக்குகிறார்கள், முன்னறிவிப்பே இல்லாமல் திடீரென்று வெடிக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். முன்னறிவிப்பு அவர்கள் முகத்தில் வந்துகொண்டுதான் இருந்திருக்கிறது. நான் ஒரு நோட்டுப் புத்தகத்தில் தேதி போட்டு யார் எப்போது எப்படி என்னைப் புண்படுத்தினார்கள் என்று எழுதவே ஆரம்பித்தேன். இந்த நோயோடு வாழ்பவர்களிடம் என் முதல் வேண்டுகோள் இதுதான்: குறுகிய காலத்தில், ஒருவருக்கொருவர் தொடர்பே இல்லாத மூன்று நான்கு பேர், "உனக்குத் தெரியவே இல்லையா" என்று கேட்டால், அந்தக் கேள்வியைக் கோபமில்லாமல் ஒரு தாளில் எழுதி அடுத்த முறை நரம்பியல் மருத்துவரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். நான் எழுதியதெல்லாம் அவர்கள் குற்றங்களை.

வேலை போன கதைக்கு வருகிறேன். குழுவில் இருந்து புகார்கள் போயிருக்கின்றன, எனக்குத் தெரியாது. மேலாளர் கூப்பிட்டு மிக மென்மையான குரலில், உடம்பு முக்கியம், வேண்டுமானால் கொஞ்ச நாள் ஒதுங்கி இருக்கலாமே, ஒரு கடிதம் கொடுத்தால் மரியாதையாக முடித்துக்கொள்ளலாம், பிறகு நிலைமை சரியானால் பார்க்கலாம் என்றார். என் உடம்பு மேல் இவ்வளவு அக்கறையா என்று நெகிழ்ந்துபோய் அன்றைக்கே ராஜினாமா எழுதிக் கையெழுத்துப் போட்டேன். "பிறகு பார்க்கலாம்" என்பதைத் திரும்ப எடுத்துக்கொள்வார்கள் என்றே புரிந்துகொண்டேன். இரண்டு மாதம் கழித்து என் இடத்தில் வேறொருவர் சேர்ந்துவிட்டார் என்று தெரிந்தபோதுதான் உறைத்தது. நானே எழுதிக்கொடுத்ததால், மருத்துவ விடுப்போ வேலைமாற்றமோ கேட்கக்கூடிய வழி எல்லாம் அடைபட்டுவிட்டது. அடுத்த வேலை கிடைக்க 14 மாதம் ஆனது, சேமிப்பு முக்கால்வாசி கரைந்தது. எம்.எஸ். உள்ள யாராக இருந்தாலும், அலுவலகத்தில் ஒரு தாளை நீட்டினால், எவ்வளவு இனிமையாகப் பேசினாலும் சரி, அன்றைக்கே கையெழுத்துப் போடாதீர்கள். வீட்டுக்குக் கொண்டுபோய் இரண்டு இரவு வைத்திருங்கள், நம்பிக்கையான ஒருவர் படிக்கட்டும், வாயால் சொன்ன வாக்குறுதியை எழுத்தில் கேளுங்கள். முகத்தைப் பார்த்து நம்பலாமா கூடாதா என்று முடிவுசெய்யும் திறமை பழுதாகியிருந்தால் எழுத்து ஒன்றுதான் துணை.

வேலையும் போனபின் வீட்டில் சண்டை அதிகமானது, குடும்ப ஆலோசகரிடம் போனோம். 11 சந்திப்பு. அவரும் நல்ல மனிதர்தான், ஆனால் அவருக்கு எம்.எஸ். பற்றி அவ்வளவாகத் தெரியாது, கணவர் சொல்லும் குறிப்பை நான் கவனிக்க விரும்பவில்லை என்ற இடத்திலேயே பேச்சு சுற்றிச் சுற்றி நின்றது. "கொஞ்சம் முயற்சி பண்ணுங்க" என்பார். முயற்சி பண்ணினேன், ஒன்றும் தெரியவில்லை. 11 சந்திப்பின் கட்டணத்தைவிட, அந்த மாதங்களில் நான் இரக்கமில்லாதவள் என்று நானே நம்ப ஆரம்பித்ததுதான் பெரிய நஷ்டம். பிறகு மனச்சோர்வுக்கு மாத்திரை. மனச்சோர்வு உண்மையாகவே இருந்தது, எம்.எஸ். உள்ளவர்களில் ஏறக்குறைய பாதிப்பேருக்கு வாழ்நாளில் எப்போதாவது அது வருகிறது என்று மருத்துவர்களே சொல்கிறார்கள், மாத்திரையில் தூக்கமும் பசியும் சரியாகின. முகங்கள் மட்டும் அப்படியேதான் இருந்தன.

விடை கிடைத்தது ஏறக்குறைய தற்செயலாக. பெயர்கள் மறக்கின்றன என்று நான் சொன்னதற்காக நரம்பியல் மருத்துவர் நினைவாற்றல், கவனம் போன்ற மூளைத் திறன்களைச் சோதிக்கும் ஒரு நியூரோசைக்காலஜிஸ்ட்டிடம் அனுப்பினார். முதலில் குறி–எண் சோதனை ஒன்று வைத்தார்கள்: தாளின் மேலே 9 குறிகளும் அவற்றுக்குரிய எண்களும் இருக்கும், கீழே வரிசையாக வரும் குறிகளுக்கு எண்ணைச் சொல்லிக்கொண்டே போகவேண்டும், 90 வினாடிதான் நேரம். எம்.எஸ். உள்ளவர்களின் சிந்தனை வேகத்தை அளக்க உலகில் பரவலாக இதைத்தான் பயன்படுத்துகிறார்கள், 2018-இல் வந்த பரிந்துரைகள் நோய் நிலையாக இருக்கும்போது ஒருமுறையும் பிறகு ஆண்டுதோறும் இதையோ இதுபோன்ற ஒன்றையோ வைக்கச் சொல்கின்றன. எனக்கு அப்போதே இரண்டரை வருடம் ஆகியிருந்தது, அதுதான் முதல் தடவை. நினைவாற்றல் சோதனைகளும் நடந்தன. முடிவு: வேகம் சற்றுக் குறைவு, மற்றபடி என் வயதுக்குச் சரியான அளவு. நான் அந்த அறையில் உட்கார்ந்து அழுதேன். மூளையில் ஒன்றும் இல்லையென்றால் எல்லாம் என் குணம்தானே என்று.

அந்த நியூரோசைக்காலஜிஸ்ட் அம்மா என்னைத் தேற்றிவிட்டு ஒரு காரியம் செய்தார், அதற்காக அவரை மறக்கமாட்டேன். வெளியே இருந்த கணவரைத் தனியாகக் கூப்பிட்டு, இவரிடம் என்ன மாறியிருக்கிறது என்று கேட்டார். அவர் இருபது நிமிடம் பேசினாராம். அடுத்த வாரம் வேறு சோதனைகள். முகங்களின் புகைப்படங்களைக் காட்டி மகிழ்ச்சி, சோகம், கோபம், பயம், அருவருப்பு, ஆச்சரியம் என்ற ஆறில் எது என்று கேட்டார்கள். மகிழ்ச்சி ஒன்றுகூடத் தவறவில்லை. பயந்த முகங்களில் பாதியை ஆச்சரியம் என்றேன், கோபமான முகங்கள் சிலவற்றைப் பார்த்து இதில் எதுவும் இல்லையே, யோசித்துக்கொண்டிருக்கிறார் என்றேன். அப்புறம் கண் பகுதியை மட்டும் வெட்டி எடுத்த 36 படங்கள், ஒவ்வொன்றுக்கும் நான்கு சொற்கள், பொருந்துவதைத் தேர்ந்தெடுக்கவேண்டும், பிரிட்டிஷ் உளவியலாளர் சைமன் பரோன்-கோயன் குழு உருவாக்கிய சோதனை அது. ஒருவர் தெரியாமல் மற்றவர் மனம் நோகப் பேசிவிடும் சின்னச் சின்னக் கதைகளும் இருந்தன, யாராவது சொல்லக்கூடாததைச் சொன்னார்களா என்று கேட்பார்கள். நான் நிறையக் கதைகளுக்கு "இல்லை" என்றேன். விளக்கிச் சொன்னபின் ஒவ்வொன்றும் புரிந்தது, புரிந்ததும் அந்தப் பாத்திரத்துக்காக மனது வலிக்கவும் செய்தது.

அந்த வலியை அவர் பிடித்துக்கொண்டார். "பாருங்க, உங்களுக்கு இரக்கம் போகல. அடுத்தவர் என்ன உணர்கிறார்ங்கிற தகவல் உங்களுக்கு வந்து சேரல, அவ்வளவுதான்" என்றார். இரண்டரை வருடத்தில் எனக்குக் கிடைத்த மிகப் பெரிய ஆறுதல் அந்த வார்த்தைகள். இதற்குச் சமூக அறிதல் என்று பெயர், அடுத்தவருக்கும் நம்மைப்போலத் தனி எண்ணமும் விருப்பமும் இருப்பதை ஊகித்தறிவது அதில் ஒரு பகுதி, 1978-இல் பிரெமாக், வுட்ரஃப் என்ற இருவர் சிம்பன்சிகளை வைத்து எழுதிய கட்டுரையிலிருந்து அந்த ஆராய்ச்சி வளர்ந்தது என்று விளக்கினார். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013-இல் வெளியிட்ட டிஎஸ்எம்-5 கையேட்டில் நினைவாற்றல், கவனம், மொழி எல்லாவற்றோடும் சேர்த்துச் சமூக அறிதலையும் மூளையின் ஆறு முக்கியத் திறன்களில் ஒன்றாக வைத்திருக்கிறார்கள். பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த தொகுப்பாய்வுகள் 2016-இலேயே வந்துவிட்டன, எம்.எஸ். உள்ளவர்களுக்கு மனம் ஊகிப்பதிலும் முகம் படிப்பதிலும் குறைபாடு தெரிகிறது, அதிலும் கோபம், பயம் போன்றவற்றில் கூடுதலாக. எனக்கு நோய் தெரிவதற்கு முன்பே இதெல்லாம் அச்சில் இருந்திருக்கிறது. எல்லோருக்கும் இது வருவதில்லை, வருபவர்களுக்கும் ஒரே அளவில் இல்லை. ஆனால் உடலளவில் பெரிய பாதிப்பு இல்லாதவர்களுக்கும், நோயின் ஆரம்பத்திலும்கூட வரலாம். அதனால் "நன்றாகத்தானே நடக்கிறாய்" என்ற பேச்சுக்கு இங்கே இடமே இல்லை.

ஏன் வருகிறது என்பதையும் கேட்டேன். முகம் படிக்க மூளையில் தனியாக ஓர் இடம் கிடையாது. மூளையின் ஆழத்தில் பயம் போன்ற உணர்ச்சிகளைக் கையாளும் அமிக்டலா, நெற்றிக்குப் பின்னால் இருக்கும் பகுதி, காதுக்கு மேலே பின்பக்கமாக இரண்டு மடல்கள் சேரும் இடம் என்று தூரதூரமாக இருப்பவை ஒன்றோடொன்று பேசிக்கொண்டால்தான் முடியும், அந்தப் பேச்சு ஓடுவது மயலின் சுற்றிய நீண்ட இழைகளில். எம்.எஸ். காயப்படுத்துவது அந்த இழைகளை. ஒருவர் முகத்தில் கோபம் ஒரு நொடிகூட நிற்காமல் ஓடி மறையும், என் மூளைக்கு அந்தச் செய்தி வந்து சேர்வதற்குள் பேச்சு அடுத்த இடத்துக்குப் போய்விடும்.

சோதனைக்குப் போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். எம்.எஸ். ஆராய்ச்சி அல்லது நினைவாற்றல் சிகிச்சையில் அனுபவமுள்ள நியூரோசைக்காலஜிஸ்ட்டைக் கேட்டு வாங்குங்கள், "நினைவாற்றலை மட்டும் பார்த்தால் போதாது, முகபாவனையும் சமூக அறிதலும் பார்க்கவேண்டும்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள், சொல்லாவிட்டால் பெரும்பாலும் பார்ப்பதில்லை. உங்களோடு வாழும் ஒருவரைக் கூட்டிப்போய் அவரைத் தனியாகப் பேச விடுங்கள், கேட்கச் சங்கடமாக இருந்தாலும். கண் படங்களின் சோதனையில் நுட்பமான சொற்கள் நிறைய வரும், அவை உங்களுக்கு நன்றாகத் தெரிந்த மொழியில் இல்லாவிட்டால் மதிப்பெண் குறைவது மொழியால்தானா என்று கேளுங்கள். களைத்துப்போன நேரத்தில் போகாதீர்கள், உடம்பு சூடானால் எம்.எஸ். அறிகுறிகள் கூடும், உடற்பயிற்சிக்குப் பின் பார்வை மங்குவதை 1890-இலேயே உட்தாஃப் என்ற கண் மருத்துவர் எழுதிவைத்திருக்கிறார், எனக்கு வெப்பமான பிற்பகல்களில் முகங்கள் இன்னும் மோசமாகத் தவறுகின்றன. இன்னொன்று, வேறு காரணங்களையும் முதலில் பார்க்கச் சொல்லுங்கள். பார்வை நரம்பு அடிபட்டவர்களுக்கு எழுத்துப் பலகையைச் சரியாகப் படித்தாலும் மங்கலான நிழல் வித்தியாசங்கள் தெரியாமல் போகலாம், அப்போது முகமே சரியாகத் தெரியாது. மனச்சோர்வு, தூக்கமின்மை, தைராய்டு, பி12 குறைவு, சிறுநீர்ப்பைக்காகக் கொடுக்கும் சில மாத்திரைகள் எல்லாம் மூளையை மந்தமாக்கும், ஸ்டீராய்டு ஏற்றும் நாட்களில் எரிச்சல் கூடும். இவற்றில் சரிசெய்யக்கூடியது எதுவோ அதைச் சரிசெய்த பிறகு மிஞ்சுவதுதான் கணக்கு.

இதற்கென்று மருந்து எதுவும் இல்லை. எனக்கு உதவியதைச் சொல்கிறேன். வீட்டில் ஒரு ஏற்பாடு செய்துகொண்டோம்: மனதில் இருப்பதை முகத்தில் விடாமல் வார்த்தையில் சொல்வது. "எனக்குக் கோபமாக இருக்கிறது, நீ போவது எனக்குப் பிடிக்கவில்லை" என்று கணவர் நேராகச் சொல்லவேண்டும். ஆரம்பத்தில் அவருக்கு அது மிகக் கடினமாக இருந்தது, சொல்லாமலே புரிந்துகொள்வதுதானே அன்பு என்று வருத்தப்பட்டார், அந்த வருத்தத்தையும் வார்த்தையில்தான் சொன்னார். நான் என் பங்குக்குக் கேட்கவேண்டும்: "நீங்கள் சொன்னதை நான் இப்படிப் புரிந்துகொண்டேன், சரிதானா?" புதிய அலுவலகத்தில் இந்த ஒரு கேள்வி என்னை எத்தனையோ தடவை காப்பாற்றியிருக்கிறது, யாரும் அதை வித்தியாசமாக எடுத்துக்கொண்டதும் இல்லை. முக்கியமான பேச்சை ஒருவரோடு மட்டும், வெளிச்சம் அவர் முகத்தில் விழும் இடத்தில், களைப்பில்லாத நேரத்தில் வைத்துக்கொள்கிறேன். பத்துப் பேர் கூடும் இடங்களில் அதிக நேரம் இருப்பதில்லை. மகளும் நானும் சத்தத்தை நிறுத்திவிட்டு நாடகக் காட்சிகளைப் பார்ப்போம், இடையில் நிறுத்தி இவர் மனதில் என்ன என்று இருவரும் சொல்வோம். அவள் பெரும்பாலும் சரியாகச் சொல்கிறாள். புருவம் எங்கே இருக்கிறது, உதடு இறுகியிருக்கிறதா, பதில் வர எவ்வளவு தாமதம் என்று முன்பு தானாக நடந்ததை இப்போது படிப்படியாகக் கவனித்துச் சேர்க்கிறேன், அது களைப்பான வேலை, அதனால் நாள் முழுக்கச் செய்ய முடியாது. என் உணர்ச்சியே எனக்குத் தாமதமாகத்தான் தெரிகிறது என்பதும் இந்தப் பயிற்சியில்தான் தெரிந்தது. வயிறு இறுகினால் எனக்குக் கோபம் வந்துகொண்டிருக்கிறது என்று இப்போது தெரியும்.

உடன் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இதை ஆயுதமாக எடுக்காதீர்கள். ஒரு பண விஷயத்தில் நானும் கணவரும் மோதியபோது, "உனக்கு இதெல்லாம் புரியாது, உனக்குத்தான் அந்தப் பிரச்சினை இருக்கே" என்றார். அந்தத் தடவை நான் சொன்னதுதான் சரி, அவர் உறவினர் ஒருவர் எங்களை ஏமாற்றிக்கொண்டிருந்தார். நான் முகம் தவறாகப் படிக்கிறேன் என்பதால் நான் சொல்வதெல்லாம் தவறு ஆகிவிடாது. நோய் இருப்பவருக்கும் நியாயமான கோபம் வரும், அவரையும் மற்றவர்கள் உண்மையாகவே மோசமாக நடத்துவார்கள். கணவர் பிறகு மன்னிப்புக் கேட்டார், அந்த வாக்கியம் எங்கள் வீட்டில் அதற்குப் பிறகு வரவில்லை.

பழைய குழுவில் அன்றைக்கு முகம் சுண்டிய பெண்ணுக்கு எழுதினேன், மறுநாளே பதில் வந்தது, நீளமாக, அன்பாக. தோழிக்கும் எழுதினேன், என்ன நடந்தது, ஏன் நடந்தது, அவள் அப்பாவைப் பார்க்கப் போகாதது எவ்வளவு பெரிய தவறு என்று. படித்துவிட்டாள் என்று தெரிகிறது. பதில் இல்லை. நோயைக் காரணமாகச் சொன்னாலும் அவளுக்குப் பட்ட காயம் பட்டதுதான், அவள் பேசாமல் இருப்பதற்கு எல்லா உரிமையும் அவளுக்கு இருக்கிறது.

போன வாரம் மகள் பள்ளியிலிருந்து வந்ததும் பையை வைத்துவிட்டு என் எதிரில் நின்றாள். நான் அவள் முகத்தைப் பார்த்து, புருவம், கண், உதடு என்று வரிசையாகப் போய், "கோபமா?" என்று கேட்டேன். "இல்லம்மா, வருத்தம்" என்றாள், சொல்லிவிட்டுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டு என்ன நடந்தது என்று சொல்ல ஆரம்பித்தாள்.